தோல் இறுகிய மாடும் ஓர் ஆங்கிலச் சொல்லும்

பழைய வழக்கத்தினின்று இம்மியும் அசையாதவரை ஆங்கிலத்தில் 'ஹைட்பவுண்ட்' என்பர். 'ஹைட்' என்பது விலங்கின் தோல். 'பவுண்ட்' என்பது கட்டுண்டது. நான் வகுப்பு நடத்திய நாட்களில் இதற்குப் பொருள் கேட்டால், "தோல் தடித்தவர்" என்றே பலரும் விடை கூறுவர். தடிப்புக்கும் இச்சொல்லுக்கும் தொடர்பே இல்லை.

இது பதினாறாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் மாட்டுக் கொட்டிலில் வழங்கிய சொல். நன்கு தீனி தின்ற மாட்டின் விலாப்புறத் தோலைப் பிடித்து இழுத்தால் மடிப்பாக எழும், விட்டதும் படியும். தீனியின்றியோ நோயுற்றோ மெலிந்த மாட்டுக்குத் தோலின் அடியிலுள்ள கொழுப்புக் கரைந்துபோகும். தோல் விலா எலும்போடு ஒட்டிக்கொண்டு, விரலுக்குப் பிடிகொடாது. அந்த மாடே 'ஹைட்பவுண்ட்'. பட்டை இறுகி வளர்ச்சி குன்றிய மரத்தையும் தோட்டக்காரர் அவ்வாறே அழைத்தனர். ஆகவே இவ்விறுக்கம் வலிமையால் வந்ததன்று. உள்ளே ஊட்டம் வற்றியதால் வந்தது. 'குறுகிய மனம்' என்று அகராதிப் பொருளை மட்டும் நெட்டுருச் செய்வோர்க்கு இந்நயம் புலப்படுவதில்லை.

மனத்தைக் குறிக்க இச்சொல்லைக் கையாண்டவருள் கவிஞர் மில்டனும் ஒருவர். அனுமதியின்றி எந்நூலும் அச்சேறலாகாதென 1643-இல் இங்கிலாந்துப் பாராளுமன்றம் ஆணையிட்டது. அதனை எதிர்த்து 1644-இல் அவர் எழுதியதே 'அரியோபஜிட்டிகா'. தம் மனப்போக்கையே நல்லறிவெனக் கொண்டு பிறர் எழுத்தை அடித்துத் திருத்தும் தணிக்கை அதிகாரியை அதில் இச்சொல்லால் சாடினார். அந்நூலையும் அவர் அனுமதி பெறாமலேயே அச்சிட்டார்!