நடுக்கடலில் நின்ற இயந்திரம்

விடியற்காலைத் திருப்பலிக்கு வந்த தாய்மார் இருவர், முதல்நாள் சென்ற வள்ளம் திரும்பவில்லையென்று கலங்கி நின்றனர். நண்பகலில் வேறொரு வள்ளம் அதனை இழுத்து வந்தது. பழுது யாதெனில், பாட்டரிக் கம்பியின் முனையில் படிந்திருந்த பச்சைக் களிம்பே!

12 வோல்ட் பாட்டரியில் மின்சாரம் நிறைந்திருந்தால், ஓய்வில் ஏறத்தாழ 12.6 வோல்ட் காட்டும். அவ்வாறு காட்டியும், சாவியைத் திருப்புகையில் 'டக்' என்ற ஒலி மட்டுமே எழுமாயின், கடன் வாங்கிப் புதிய பாட்டரிக்கு ஓடாதீர்கள். இரு முனைகளையும், இயந்திரத்தோடு பிணைத்த எர்த் கம்பியையும் கழற்றி, தேய்த்து, இறுக்குங்கள். கழற்றுகையில் நெகட்டிவ் முனையே முதலில்; மாட்டுகையில் அதுவே இறுதியில். பின்பு வாசலின் பூசுங்கள், உப்புக்காற்று அண்டாது. ஒலியே எழாவிடில் கியர் நியூட்ரலில் உள்ளதா என நோக்குக. சுழன்றும் இயங்காவிடில், அவசர நிறுத்தக் கயிற்றின் கொக்கி கழன்றிருக்கக்கூடும். இதனை மறந்து மெக்கானிக்கை வரவழைத்து நாணியோர் உண்டு.

இயந்திரம் உறுமியும் வள்ளம் நகராவிடில், புரொப்பெல்லரின் நடுவிலுள்ள ரப்பர் வழுக்குகிறதா என ஐயுறுக. கியர் எண்ணெய் பால்போல் வெளுத்திருப்பின் நீர் புகுந்துவிட்டது. சீலை மாற்றாமல் கடலேறலாகாது.

இவற்றைக் கரையிலேயே பார்த்துவிட அரைமணி நேரம் போதும். ஞாயிறு மாலையில் செய்தாலும், ஓய்வுநாளை மீறியதாக நான் கடிந்துகொள்ளேன்.