வறட்சி தாங்கும் மரவள்ளி

நோட்டன் பிரிட்ஜில் மழை மிகுதி எனினும், ஆண்டின் முதல் மாதங்களில் மேட்டுப் பாத்திகள் காய்வதுண்டு. அப்போது மரவள்ளி இலைத்துளைகளை மூடி நீரைக் காக்கும்; வறட்சி நீடித்தால் இலைகளை உதிர்க்கும். மழை வந்ததும், சேமித்த மாப்பொருளைச் செலவிட்டே மீண்டும் தளிர்க்கும். ஆதலால் இலைகளை நெடுநாள் தாங்கி நிற்கும் செடி விரும்பத்தக்கது.

இப்பண்பைப் பல பரம்பரையலகுகள் கூடி ஆளுகின்றன. எனவே விதையில் முளைப்பவை தாயை ஒத்திரா. அவ்வேறுபாடே புதிய இனம் தேடுவோர்க்கு முதல். திருவனந்தபுரத்து மத்திய கிழங்குப் பயிர் ஆராய்ச்சி நிலையம் 1971இல் எச்-97, எச்-165, எச்-226 ஆகிய கலப்பினங்களை வெளியிட்டது. தடியால் பெருக்கினாலோ தாயின் பண்பு மாறாது.

ஆகவே, கமக்காரர்கள் வறட்சியில் பசுமை குன்றாத, தேமல் நோயற்ற செடிகளுக்கு அடையாளமிடுதல் வேண்டும். அவற்றின் தடிகளை மற்றவற்றோடு ஒரே பாத்தியில் நட்டு, கிழங்கை நிறுத்துப் பார்த்துத் தெரிவுசெய்க. ஓடையோர ஈரத்தால் மட்டும் பசுமையாய் நின்ற செடி அங்கே வெளிப்பட்டுவிடும்.