கை மெலியும் நோய்

முதலில் சட்டைப் பொத்தானைப் போட விரல் மறுக்கிறது. பிறகு கை மெலிகிறது. பேச்சும் விழுங்குவதும் தடுமாறுகின்றன. வாதம் என்று நாம் எண்ணெய் தேய்ப்போம். ஆனால் மூலக் கோளாறு தசையில் இல்லை. மூளையிலும் தண்டுவடத்திலும் இருந்து தசைக்குக் கட்டளை அனுப்பும் நரம்பணுக்கள் மடிகின்றன. கம்பி அறுந்தால் நல்ல விளக்கும் எரியுமா?

பிரெஞ்சு மருத்துவர் ஷார்கோ 1874இல் இதற்கு ஏ.எல்.எஸ். என்று வழங்கும் பெயரை இட்டார். ஒட்டுநோயல்ல, செய்வினையுமல்ல. ஏறத்தாழ நூற்றுக்குப் பத்துப் பேருக்கே இது குடும்பவழி வருகிறது. அத்தகைய சில குடும்பங்களில் எஸ்.ஓ.டி.1 என்னும் மரபணுவில் பிழை இருப்பது 1993இல் தெரிந்தது. அப்பிழை உள்ளவர்களுக்கென டோஃபெர்சென் என்ற மருந்துக்கு 2023இல் அமெரிக்கா அனுமதி தந்தது. மற்றவர்களில் பெரும்பாலோருக்குக் காரணம் இன்னும் தெளிவாகவில்லை.

வாய் பேசாவிட்டாலும் பலருக்கு அறிவு மங்குவதில்லை. எழுத்து அட்டையைக் காட்டினால் கண்ணசைவாலேயே பதில் சொல்வார்கள்.