பழைய மோட்டார்ச் சைக்கிளின் எண்ணெய்க் கசிவு

பழைய மோட்டார்ச் சைக்கிளொன்று நின்ற இடத்தை, அது போன பின்பும் நிலத்திற் கிடக்கும் கரும்பொட்டுக் காட்டிவிடும். பிரித்தானியாவில் 1940ஆம், 1950ஆம் ஆண்டுகளிற் செய்யப்பட்ட பி.எஸ்.ஏ., நோட்டன், ட்ரயம்ப் முதலிய வண்டிகளை இன்றும் பேணி ஓட்டுவோர் உளர். எண்ணெய் சொட்டாவிடின் உள்ளே எண்ணெய் இல்லையென்று அறிக என்பது அவர்களிடையே வழங்கும் வேடிக்கைப் பேச்சு. வேடிக்கையோடு நின்றுவிட்டால் நன்று. காற்றினாற் பின்னோக்கி அடிக்கப்படும் எண்ணெய், பின்சில்லின் ரயரிற் படியுமாயின், வளைவொன்றில் வண்டி சறுக்கி ஓட்டுபவரின் உயிருக்கே கேடு விளையலாம்.

கசிவைக் கண்டதும் ஸ்பனரைக் கையில் எடுப்பது பலரது வழக்கம். அது பெரும்பாலும் பயன் தராது. ஈரமாயிருக்கும் இடம் வேறு, எண்ணெய் வெளிப்படும் இடம் வேறு. மேலே தலைப்பகுதியிற் கசியும் எண்ணெய், சிலிண்டரின் செட்டைகள் வழியே இறங்கி, அடிப்பகுதியிலிருந்து சொட்டுகின்றது. ஓடும்போது வீசுங் காற்று அதனைப் பின்னாலும் பக்கத்திலும் பரப்பிவிடுகின்றது.

ஆகவே முதலிற் செய்யவேண்டியது துப்புரவு. இயந்திரம் ஆறியிருக்கையில், மண்ணெண்ணெயும் தூரிகையுங் கொண்டு பழைய அழுக்கு முழுவதையும் கழுவி உலரவிடல் வேண்டும். காபுரேற்றரையும் மின்பொறி தரும் மக்னீற்றோவையும் முன்னரே துணியாற் பொதிந்துகொள்க. பின்னர், பள்ளிக்கூடங்களிற் பயன்படும் வெண்கட்டியைப் பொடித்து, அத்தூளை இயந்திரத்தின் மேல் மெல்லத் தூவி, பொதிந்த துணியை எடுத்துவிட்டு, ஐந்தாறு மைல் ஓட்டிப் பார்த்தல் வேண்டும். வெண்தூளில் முதலிற் கறுக்கும் இடம், அதாவது ஈரத்தின் மிக உயர்ந்ததும் மிக முன்னுள்ளதுமான புள்ளி, கசிவின் ஊற்றுக்கண் ஆகும்.

ஊற்றுக்கண் ஒன்றாயின் அவ்விடத்தைத் திருத்தலாம். தூள் ஒரே வேளையிற் பல பொருத்துகளிலும் நனையுமாயின், குற்றம் பொருத்துகளில் இல்லை. உள்ளிருக்கும் அமுக்கத்தில் உள்ளது. இதனை அறியாது காஸ்கற்றுகளை மாற்றிமாற்றிப் பணத்தைக் கரைத்தோர் அநேகர்.

1937இல் எட்வேட் ரேணரின் வடிவமைப்பில் வெளிவந்த ட்ரயம்ப் ஸ்பீட் ட்வின் இதற்கு நல்ல உதாரணம். அதன் இரண்டு பிஸ்ரன்களும் ஒன்றாகவே ஏறி ஒன்றாகவே இறங்குவன. இறங்குந்தோறும் ஏறக்குறைய 500 கன சென்ரிமீற்றர் காற்று கீழேயுள்ள கிராங்கேஸ் என்னும் பெட்டிக்குள் நெருக்கப்படுகின்றது. நிமிடத்துக்கு 3,000 சுற்று ஓடும்போது இந்நெருக்குதல் செக்கனுக்கு 50 முறை நிகழும். இக்காற்று வெளியேறுதற்கென்றே மூச்சுக்குழாய் ஒன்று உண்டு; காற்றை வெளியே விட்டு மீண்டும் உட்புகாது தடுக்கும் வால்வு அதனோடு சேர்ந்தது. குழாய் அழுக்கால் அடைபட்டாலும், வால்வு பழுதுற்றாலும், காற்று வேறு வழி தேடும். பொருத்துத்தோறும் எண்ணெயையும் உடன் கொண்டுதான் அது வெளியேறும். பிஸ்ரன் வளையங்கள் தேய்ந்திருப்பின் எரிந்த வாயுவும் கீழிறங்கி அமுக்கத்தைக் கூட்டும். எனவே, பொருத்துகளிற் கைவைக்கும் முன் மூச்சுக்குழாயைக் கழற்றி ஊதிப்பார்த்தல் அறிவுடைமை. செலவில்லாத வேலையும் அதுவே.

அடுத்தது பொருந்தும் முகங்கள். அலுமினிய மூடிகள் மென்மையானவை. திருகாணிகளை அளவுமீறி இறுக்கியதால் அவற்றின் ஓரங்கள் வளைந்திருக்கும். மேலும் இறுக்கினால் மேலும் வளையும், இழையும் அறுந்துபோம். மூடியைக் கழற்றி, தடித்த கண்ணாடித் தட்டின் மேல் மெல்லிய எமரித் தாளை விரித்து, அதன்மேல் முகத்தைப் பரவலாகத் தேய்த்தால் மேடு மினுங்கும், பள்ளம் மங்கலாய் நிற்கும். முகம் முழுதும் ஒரே நிறமாகும் வரை தேய்த்து, பொடி சிறிதும் எஞ்சாதபடி கழுவுதல் வேண்டும். பழைய காஸ்கற்றை உரிக்க இரும்புக் கத்தி ஆகாது, மரச்சீவலே போதும். பூட்டும்போது திருகாணிகளை எதிரெதிராகச் சிறிது சிறிதாக இறுக்குக. பசையை வாரிப் பூசுவோரும் உளர். உட்புறம் பிதுங்கிய பசை உடைந்து எண்ணெய் செல்லும் நுண்வழிகளை அடைத்து, கசிவிலும் பெரிய கேட்டை விளைவிக்கும். செப்பு வாசர்களைப் புதிதாய் வாங்கவேண்டியதில்லை. செந்நிறமாகக் காய்ச்சி ஆறவிட்டால் மீண்டும் மென்மையுறும்.

கசிவு போலத் தோன்றிக் கசிவல்லாத ஒன்றும் உண்டு. இவ்வண்டிகளுட் பலவற்றில் எண்ணெய் தனித்தொட்டியில் இருக்கும். வாரக்கணக்காக வண்டி நின்றால், எண்ணெய் பம்பைக் கடந்து மெல்ல மெல்லக் கிராங்கேசினுள் இறங்கிவிடும். இதை அறியாதவர் தொட்டி குறைந்ததென்று மேலும் ஊற்றுவர்; இயந்திரத்தை இயக்கியதும் மிகுதி எண்ணெய் மூச்சுக்குழாய் வழியே கொட்டும். அடிச்செருகியைத் திறந்து இறங்கிய எண்ணெயை வடித்துவிட்டு, பின்னர் தொட்டியை அளவாக நிரப்புதல் வேண்டும். தடுப்புக் குண்டு வால்வில் தூசு படிந்திருந்தால் அதனையும் துடைத்தல் நன்று. எண்ணெய்க் குழாயில் அடைப்புத் திறப்பொன்றைப் பொருத்துவோரும் உளர். அதைத் திறக்க மறந்து ஒருமுறை ஓட்டினாற் போதும். எண்ணெய் எட்டாத தாங்கிகள் சில நிமிடங்களுள் எரிந்துபோம். திறப்பைப் பூட்டியவர்கள், அது மூடியிருக்கையில் மின்பொறி எழாதவாறு ஓர் ஆளியையும் உடன் இணைத்துக்கொள்வது அதனாலேயே.