டயாலிசிஸ் குழாய்களில் காற்றுக் குமிழ்கள்: நோயாளிகள் அறிய வேண்டியவை

டயாலிசிஸின்போது உங்கள் இரத்தம் குழாய்கள் வழியாக வெளியே சென்று, சுத்திகரிக்கப்பட்டு, உடலுக்குத் திரும்புகிறது. அதனுடன் காற்றும் உட்புகுந்தால் இரத்த ஓட்டம் தடைபட்டு உயிருக்கே ஆபத்து நேரிடலாம்.

எனவே, சிகிச்சைக்கு முன்னரே குழாய்களும் டயலைசரும் சலைன் நீரால் நிரப்பப்பட்டு, காற்று வெளியேற்றப்படுகிறது. பணியாளர் டயலைசரைத் தட்டுவது, அதனுள் ஒட்டியுள்ள குமிழ்களை விடுவிப்பதற்காகவே. சிகிச்சையின்போது, இரத்தம் திரும்பும் குழாயிலுள்ள சிறு அறை எஞ்சிய காற்றைத் தடுத்து நிறுத்துகிறது. அதையும் கடந்து காற்று வந்தால், இயந்திரம் எச்சரிக்கை ஒலி எழுப்பி, இரத்தப் பம்பை நிறுத்தி, அக்குழாயைத் தானாகவே மூடிவிடும்.

ஒலி எழுந்தால் பதற வேண்டாம். உடனே பணியாளரை அழையுங்கள். ஒலியை நிறுத்துவதோ, குழாய் இணைப்புகளையும் கிளிப்புகளையும் தொடுவதோ கூடாது.

ஒலி எழாவிட்டாலும், பின்வரும் அறிகுறிகள் தோன்றினால் தாமதமின்றித் தெரிவியுங்கள்:

• திடீர் மூச்சுத் திணறல்
• நெஞ்சு வலி
• தொடர் இருமல்
• மனக்குழப்பம், மயக்கம்

கழுத்தில் கதீட்டர் பொருத்தப்பட்டவர்களுக்கு அதன் வழியாகவும் காற்று நுழையக்கூடும். ஆகவே, வீட்டில் அதன் மூடியையோ கிளிப்பையோ ஒருபோதும் திறக்க வேண்டாம்.