கல்லுக்குள் கிடக்கும் கடல்

பாறசாலை, நெய்யாற்றின்கரை சுற்றுவட்டாரத்தில் எத்தனை ஆழம் கிணறு வெட்டினாலும் கருங்கல்லுக்குள் ஒரு சிப்பியோ சங்கோ கிடைக்காது. அதற்குக் காரணம் உண்டு. நம் குவாரிகளில் உடைபடும் பாறை சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமியின் ஆழத்தில், கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருமாறியது. முன்னர் அதில் ஏதேனும் உயிர்த்தடம் இருந்திருந்தாலும், சூளையில் இட்ட ஓலைபோல் அழிந்திருக்கும்.

ரயில்வேயில் பணியாற்றிய காலத்தில் கட்டிங்குகளின் சரிவைப் பார்த்துப் பார்த்து, பாறையை வாசிக்கும் பழக்கம் எனக்கு ஒட்டிக்கொண்டது. அந்தப் பழக்கம் உள்ளவர்களுக்கு நல்ல புத்தகம் வேண்டுமென்றால், நம் ஊரிலிருந்து வடக்கே ரயிலேறினால் போதும்.

கொல்லத்துக்கு அருகே, அஷ்டமுடிக் காயலோரம் படப்பக்கரை என்ற சிற்றூர். அங்குள்ள சுண்ணாம்புப் பாறையில் சங்கு, சிப்பி, பவளம் ஆகியவற்றின் புதைபடிவங்கள் உள்ளன. வயது ஒன்றரைக் கோடி ஆண்டுகளுக்கும் மேல். அவற்றோடு ஃபொராமினிஃபெரா என்ற நுண்ணுயிர்களின் ஓடுகளும் உண்டு. அவற்றுள் ஒன்றை, பம்பாயில் மருத்துவராக இருந்த எச். ஜே. கார்ட்டர் 1853இல் விவரித்து, மலபார் பெயரையே அதற்குச் சூட்டினார்.

கடற்புல் எளிதில் கல்லாவதில்லை, மக்கிப் போய்விடும். ஆனால் அதன் இலைகளில் ஒட்டி வாழ்ந்த உயிர்களின் ஓடு மக்குவதில்லை. அந்த ஓடுகளையும் சங்கினங்களையும் ஆராய்ந்தவர்கள், அங்கே ஆழமில்லாத வெதுவெதுப்பான கடலில் கடற்புல் வெளி பரந்திருந்தது என்று 2011இல் எழுதினார்கள். இன்று பாக் நீரிணையில் ஆவுளியா மேய்கிறதே, அதுபோன்ற கடல்! வீடு இடிந்து போனாலும் வாசலில் கிடக்கும் செருப்புகளைக் கொண்டு குடியிருந்தவர்களைக் கணிப்பது போன்ற வேலை இது.

அடுத்த அத்தியாயம் வர்க்கலையில். கர்க்கடக வாவுக்குப் பாபநாசம் கடற்கரையில் பிதுர்க்கடன் செய்யப் போகும் நம்மவர்கள், பின்னால் நிற்கும் குன்றைச் சற்று நிமிர்ந்து பார்க்க வேண்டும். மணற்கல்லுக்கும் களிமண்ணுக்கும் இடையே கரிய பட்டை தெரியும். அது நிலக்கரியாகும் வழியில் நின்றுபோன மரம். அதனுடன் இரும்பும் கந்தகமும் சேர்ந்த கட்டிகள் கிடைக்கின்றன. காற்றுப் புகாத சேற்றில்தான் அவை உருவாகும். மரம் மக்காமல் தப்பியதும் அதனால்தான். அந்த அடுக்குகளில் கிடைத்த மகரந்தம், அலையாத்திக் காடும் மழைக்காடும் இருந்ததைச் சொல்கிறது. கடல் பின்வாங்கி, சதுப்பும் காடும் வந்த கதை இது. 1882இல் வில்லியம் கிங் இப்பாறை அடுக்குகளுக்கு வர்க்கலையின் பெயரையே வைத்தார்.

இந்தக் குன்றைப் புவியியல் ஆய்வுத் துறை தேசியப் புவியியல் நினைவுச்சின்னமாக அறிவித்துள்ளது. ஆயினும் 2024இல் மண்சரிவைக் காரணம் காட்டி, பாபநாசம் பகுதியில் குன்றின் ஒரு பாகம் இயந்திரத்தால் வெட்டப்பட்டது. உயிருக்கு ஆபத்து என்றால் கவனிக்கத்தான் வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் சரிவைக் காக்க ரயில்வேயில் நாங்கள் முதலில் செய்வது, மேலிருந்து வரும் நீரை வாய்க்கால் வெட்டித் திருப்பி விடுவது. குன்றின் மேல் பெய்யும் மழைக்கும் கட்டடங்களின் கழிவுநீருக்கும் ஒழுங்கான வடிகால் கொடுத்தாலே பாதி அபாயம் குறையும். வெட்டிய பாறையை யாராலும் திரும்ப ஒட்ட முடியாது.

நம் சங்கப் பிள்ளைகளை ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே அழைத்துச் செல்லலாம். கல்லைப் பெயர்த்து எடுத்து வர அல்ல, பார்த்து வர.