கெட்டுப்போன உணவை விசாரணை இல்லாமலே அழிக்கலாமா? 1908 தீர்ப்பு சொன்னது என்ன?

குடோனில் ரெய்டு. கெட்டுப்போன கறி சிக்குகிறது. அதிகாரிகள் அள்ளிக்கொண்டு போய் அழித்துவிடுகிறார்கள். "என் சரக்கு நல்ல சரக்குதாங்க" என்கிறார் உரிமையாளர். அவர் தரப்பைக் கேட்காமலே அழிப்பது நியாயமா? 100 வருஷத்துக்கு முன்னாடியே அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போன கேள்வி இது.

என்ன நடந்தது?

1906-ம் ஆண்டு. சிகாகோ இறைச்சிக் கூடங்களின் அசுத்தத்தை அப்டன் சிங்க்ளேரின் 'தி ஜங்கிள்' நாவல் அம்பலப்படுத்திய அதே வருஷம். அந்த நகரில் 'நார்த் அமெரிக்கன் கோல்ட் ஸ்டோரேஜ்' நிறுவனத்தின் குளிர்பதனக் கிடங்கில் 47 பீப்பாய் கோழிக்கறி இருந்தது. அது அழுகிவிட்டது, அழிக்க வேண்டும், உடனே கொடுங்கள் என்றார்கள் சுகாதாரத் துறை அதிகாரிகள். கெட்ட உணவைப் பறிமுதல் செய்து அழிக்க நகரச் சட்டம் அவர்களுக்கு அதிகாரம் கொடுத்திருந்தது. நிறுவனம் மறுத்தது. கறி கைக்கு வரும்வரை கிடங்கில் தொழிலே நடக்காது என்று முடக்கிவிட்டார்கள்.

நிறுவனம் என்ன வாதிட்டது?

"கறிதான் குளிரில் இருக்கிறதே, அதற்குள் என்ன அவசரம்? விசாரித்துவிட்டு அழியுங்கள். விசாரிக்காமல் ஒருவரின் சொத்தைப் பறிப்பது அரசியல் சட்டத்தின் 14-வது திருத்தத்துக்கு எதிரானது" என்றது.

தீர்ப்பு என்ன?

1908-ல் நீதிமன்றம் நகர நிர்வாகத்தின் பக்கம் நின்றது. கெட்ட உணவு சும்மா இருந்தாலே ஆபத்து. எப்போது வேண்டுமானாலும் யார் தட்டுக்காவது போய்விடலாம். அதனால் முதலில் அழிக்கலாம், விசாரணையைப் பிறகு வைத்துக்கொள்ளலாம் என்றது.

அப்போ அதிகாரி வைத்ததுதான் சட்டமா?

இல்லை. முக்கியமான பாயிண்ட் இங்கேதான். அழித்த பிறகு உரிமையாளர் நஷ்டஈடு கேட்டு வழக்குப் போடலாம். அங்கே "நான் பார்த்தேன், கெட்டிருந்தது" என்று அதிகாரி சொன்னால் மட்டும் போதாது. உணவு உண்மையிலேயே கெட்டிருந்தது என்று நிரூபிக்க வேண்டும். முடியாவிட்டால் நஷ்டத்துக்கு அவரே பொறுப்பு.

அந்த 47 பீப்பாய் கறி நிஜமாகவே அழுகியிருந்ததா? இந்தத் தீர்ப்பு அதை முடிவு செய்யவே இல்லை. விசாரணை முதலிலா, பிறகா என்பதுதான் அங்கே கேள்வி. மக்கள் உயிர் என்று வந்தால் அவசரப்படலாம். ஆனால் அவசரத்தில் செய்த தப்புக்குப் பதில் சொல்லியே ஆகணும். அந்தத் தீர்ப்பின் சாரம் இதுதான்.